திறந்த வைன் போத்தலைக் கொழும்பு வெக்கையில் எத்தனை நாள் கெடாமல் வைத்திருக்கலாம்?

பாதிப் போத்தல் மிஞ்சிவிட்டது, வீட்டில் குடிப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்கிறீர்கள். அநேகமாக வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்ததாக இருக்கும். இங்கே வரியெல்லாம் கட்டி வாங்குகிறவர்கள் மிச்சம் வைப்பது குறைவு.

சிவப்போ வெள்ளையோ, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். நுரைக்கும் வைன் என்றால் ஓரிரு நாள்தான். அதன் வாயில் கரண்டியைச் செருகி வைத்தால் நுரை அடங்காது என்பதெல்லாம் கட்டுக்கதை. பிராந்தி சேர்த்த போர்ட் வகை வாரக்கணக்கில் இருக்கும்.

"சிவப்பு வைனைக் குளிரில் வைப்பதா?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் உண்டு. நத்தாருக்குக் கனடாவிலிருந்து வந்த அத்தான், "அறை வெப்பநிலையில்தான் வைக்க வேண்டும், உனக்கு இதெல்லாம் தெரியாது" என்று தக்கையைத் திரும்பச் செருகிக் கண்ணாடி அலுமாரியின் மேல் வைத்தார். அவர் சொல்லும் அறை ஐரோப்பாவில், 16 முதல் 18 பாகையில் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்மாடி மத்தியானத்தில் 31 பாகை.

நான் வாதாடவில்லை. அத்தான் தூங்கப் போனதும் அதில் ஒரு பங்கை எடுத்து, கொதிநீரில் அலசிக் காயவைத்த சின்னச் சோடாப் போத்தலில் புனல் வைத்து விளிம்புவரை ஊற்றினேன். திருகுமூடியை இறுக்கும்போது இரண்டு சொட்டு வெளியே வழிய வேண்டும். வழிந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை என்று அர்த்தம். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வந்தபோது இரண்டையும் ஊற்றி அக்காவிடம் நீட்டினேன். என்னுடையதை அரை மணி நேரம் முன்பே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்தேன். அதில் பழவாசனை அப்படியே இருந்தது. அலுமாரிப் போத்தலில் அடிபட்ட அப்பிளின் வாடை, அதற்குப் பின்னால் வினாகிரி. அத்தான் ஒரு மிடறு குடித்துவிட்டு, "இந்த வைனே இப்படித்தான்" என்றார்.

காற்றிலுள்ள ஒட்சிசன்தான் எதிரி. அது மதுசாரத்தை அசற்றல்டிகைட்டாக மாற்றுகிறது. அந்த அப்பிள் வாடை அதனுடையது. பிறகு பற்றீரியாக்கள் அதே ஒட்சிசனை வைத்துக்கொண்டு அசற்றிக்கமிலம், அதாவது வினாகிரியின் புளிப்பு, ஆக்கிவிடும். வெப்பம் கூடினால் இரண்டும் வேகமாக நடக்கும். காற்றை உறிஞ்சும் பம்பு கொஞ்சம் உதவும், ஆனால் முழுக் காற்றையும் எடுக்காது. நுரைக்கும் வைனுக்கு அது கூடவே கூடாது. சோடாப் போத்தலுக்குச் செலவே இல்லை.

குடிக்கக் கற்றுக்கொடுக்கிறாள் என்று சிலர் முகம் சுளிக்கலாம். நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் ஒரு கிளாஸ், மிச்சம் பன்றியிறைச்சிக் கறிக்கு. அவ்வளவுதான்.

மிஞ்சியதைப் பொத்திப் பொத்தி வைக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்னொரு போத்தல் வாங்குவது பெரும்பாடு. போயா தினத்தில், அதாவது பௌர்ணமியன்று, விற்பனை கிடையாது. அது எல்லோருக்கும் பொது. பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979 இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை வாபஸ் பெறச் சொல்லிவிட்டார். பெரும்பாலான கடைகளில் யாரும் கண்டுகொள்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த வருடம் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் காசாளர் பையன் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "அன்ரி, போத்தலை மகனிடம் கொடுங்கள், அவர் கட்டட்டும்" என்றான். வைன் வாடையே பிடிக்காத மகன் என் பணப்பையைத் திறந்து காசை எண்ணிக் கொடுத்தான்.