ஸ்பிட்ஃபயர் ஏன் அட்டையில வெட்டுன மாதிரியே இருக்கு? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சார், நான் கோயம்புத்தூர்ல காலேஜ் செகண்ட் இயர். ரெண்டு மாசமா க்ரிட்டாங்கிற படம் வரையற சாஃப்ட்வேர்ல விமானத்தோட சைடு ப்ரொஃபைல் (பக்கவாட்டுத் தோற்றம்) வரைஞ்சு பழகுறேன். ரெண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் சண்டை விமானம் ஸ்பிட்ஃபயர்ல முதல் மாடல், மார்க் 1 ஒண்ணு முடிச்சேன், மேல டார்க் எர்த்தும் (பழுப்பு) டார்க் க்ரீனும், அடியில ஸ்கைங்கிற வெளிர் பச்சை, கோடெல்லாம் ப்ளான் பாத்துதான் போட்டேன். ஷேடிங்கும் பண்ணிட்டேன். ஆனாலும் அட்டையில வெட்டி ஒட்டுன மாதிரியே இருக்கு. படத்தை அனுப்பிருக்கேன், எங்க தப்பு?

பதில்: தம்பி, படம் பாத்தேன். கோடு நிஜமாவே நல்லா இருக்கு, அதுல ஒண்ணும் குறை இல்ல. தப்பு எங்கன்னா, முதுகுலேர்ந்து வயிறு வரைக்கும் ஒரே கிரேடியண்ட்ட இழுத்து விட்டுட்டீங்க, மேல வெளிச்சம், கீழ போகப்போக இருட்டு, கடைசி விளிம்புல கும்மிருட்டு. நிஜத்துல அப்படி விழாது. ஒரு சுரைக்காய ஜன்னலோரம் வெள்ளைத் துணி மேல வச்சுப் பாருங்க. ரொம்ப இருட்டான இடம் அடி விளிம்புல இருக்காது, அதுக்குக் கொஞ்சம் மேலயே இருக்கும், ஏன்னா துணியில பட்ட வெளிச்சம் திரும்பி வந்து அடிப்பக்கத்த லேசா தூக்கிக் காட்டும். விமானத்துக்கு அந்தத் துணி வேலைய தரை பண்ணுது. அந்த மெல்லிசான அடி வெளிச்சத்த வச்சாலே பாதி அட்டைத்தனம் போயிடும்.

அடுத்தது ஸ்பிட்ஃபயருக்குன்னே உள்ள விஷயம். இறக்கை உடம்போட சேர்ற இடத்துல ஒரு வளைவான தகடு வெளிய விரிஞ்சு வரும் பாருங்க, ஃபில்லெட்டுன்னு சொல்றது, அது செங்குத்தா ஆரம்பிச்சு மெல்லத் திரும்பி வானத்தப் பாத்து படுத்துக்கும். அப்போ அங்க மறுபடி வெளிச்சம் விழணும். உடம்போட கீழ்ப்பாதி இருட்டி வருது, ஃபில்லெட்டுக்கு வந்ததும் திரும்ப வெளுக்குது, அந்த இருட்டு வெளுப்பு மாத்தத்துலதான் ஸ்பிட்ஃபயரோட அழகே இருக்கு, நீங்க அந்த இடத்த ஒரே பச்சையா விட்டுட்டீங்க. அது மாதிரி ரடர் (வால்ல திரும்பற பலகை), மார்க் 1-ல அது துணி போர்த்துனது, அதனால அங்க ரிவெட் (தகட்ட இணைக்கிற ஆணி) புள்ளி வைக்கக் கூடாது, உள்ள இருக்குற சட்டம் லேசா புடைச்சுத் தெரியற மாதிரி மெதுவா ஷேடு குடுத்தாப் போதும்.

என் ஒரே பிடிவாதம் என்னன்னா, கலர் போடறதுக்கு முன்னாடி மொத்த விமானத்தையும் வெறும் சாம்பல் கலர்ல ஷேடு பண்ணி முடிச்சுடுங்க. சாம்பல்லயே உருண்டையாத் தெரியலைன்னா எந்தப் பச்சை வந்தாலும் காப்பாத்தாது. அது சரியா வந்ததுக்கு அப்புறம் நிழல மல்டிப்ளை மோடுலயும் (அடியில உள்ள கலர இருட்டாக்கும்) வெளிச்சத்த ஸ்க்ரீன்லயும் (அத வெளுப்பாக்கும்) தனித்தனி லேயரா மேல வச்சுட்டு, கலர், கேமோஃப்ளாஜ், ரவுண்டல் (பிரிட்டிஷ் விமானப்படையோட வட்டச் சின்னம்), ஸ்க்வாட்ரன் (படைப்பிரிவு) எழுத்து எல்லாத்தையும் அதுக்கு அடியில போடுங்க. உங்க படத்துல ரவுண்டல் ஷேடிங்குக்கு மேல உக்காந்திருக்கு, அதான் பஸ் கண்ணாடி ஸ்டிக்கர் மாதிரி தெரியுது. இப்படி லேயர் பிரிச்சு வச்சா இன்னொரு லாபம், 1941 ஆகஸ்ட்ல டார்க் எர்த் போயி ஓஷன் க்ரே வந்துச்சு இல்லையா, அடியிலயும் மீடியம் சீ க்ரே ஆயிடுச்சு, அந்தப் புதுக் கலர்ல உள்ள மார்க் 5-ஐ வரையணும்னா உருவத்துல மாறுன இடத்த மட்டும் திருத்திட்டு கலர் லேயர மாத்துனாப் போதும், நிழல திரும்ப முதல்லேர்ந்து போட வேண்டியதில்ல. (மார்க் 5-ல எந்த ஸ்க்வாட்ரன்னு யோசிச்சா 234-ஐ போடுங்களேன், அந்த ராயல் ஏர்ஃபோர்ஸ் ஸ்க்வாட்ரனுக்குப் பேரே மெட்ராஸ் பிரசிடென்சி, நம்ம ஊர்ல திரட்டிக் குடுத்த பணத்துக்காக வச்ச பேரு!)

நிழலுக்கு சுத்தக் கறுப்பு எடுக்காதீங்க, அழுக்காத்தான் தெரியும். கொஞ்சம் நீலம் கலந்த கரும்பழுப்பு எடுத்துப் பாருங்க.

அப்புறம் பேனல் லைன், அதாவது தகடும் தகடும் சேர்ற கோடு. இத நான் எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். ஸ்பிட்ஃபயர் மார்க் 1 நீளம் 9.12 மீட்டர். அத 32-ல ஒரு பங்கா 300 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) வரைஞ்சா சுமார் 3370 பிக்சல் வரும், அப்போ ஒரு பிக்சல்னா நிஜத்துல கிட்டத்தட்ட 2.7 மில்லிமீட்டர். நீங்க மூணு பிக்சல்ல கறுப்புக் கோடு போட்டிருக்கீங்க, அதாவது தகட்டுக்குத் தகடு 8 மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு பென்சிலே நுழையலாம், அதுல எப்படி சார் பைலட் பறப்பான்? ஒரே பிக்சல், அதுவும் பாதி ட்ரான்ஸ்பரண்ட்டா, கீழ ஒட்டுனாப்ல ஒரு வெளிர் கோடு, அவ்ளோதான்.

கேள்வி: வெள்ளி கலர் மஸ்டாங் (அமெரிக்க சண்டை விமானம்) வரைய ஆசை. என்ன பண்ணினாலும் சிமெண்ட் பூசுன மாதிரி வருது அண்ணா. – தஞ்சாவூர் வாசகி

பதில்: வெள்ளின்னு ஒரு கலரே கிடையாதும்மா, பக்கத்துல இருக்குறதோட பிம்பம்தான். வீட்டுல எவர்சில்வர் டம்ளர படுக்க வச்சு மொட்டை மாடியில பாருங்க, மேல்பாதியில வானத்தோட நீலம், கீழ்பாதியில தரையோட பழுப்பு, ரெண்டும் சந்திக்கிற எடத்துல வெடுக்குனு ஒரு கருத்த பட்டை. பெயிண்ட் அடிச்ச விமானத்துல நிழல் மெதுவா கரையும், உலோகத்துல சட்டுனு மாறணும், நீங்க ஏர்பிரஷ்ல மெதுவா கரைச்சதாலதான் சிமெண்ட் ஆயிடுச்சு. தகட்டுக்குத் தகடு சாம்பல கொஞ்சம் கொஞ்சம் மாத்துங்க, ரொம்ப மாத்துனா செஸ் போர்டு. மூக்கு மேல காக்பிட் வரைக்கும் ஆலிவ் டிராப் (மங்குன பச்சைப் பழுப்பு) பட்டை வரும், பைலட் கண்ணு கூசாம இருக்க அடிச்சது, அதுல பளபளப்பே கூடாது. இன்னொண்ணு, மஸ்டாங் இறக்கைய மட்டும் பக்கத்துல இருக்குற உடம்பு மாதிரி மின்ன விட்டுடாதீங்க. காத்து வழுக்கிப் போகணும்னு இறக்கையோட முன்பகுதியில இணைப்பெல்லாம் புட்டி வச்சு அடைச்சு, தேச்சு, இறக்கை மேல அலுமினியப் பெயிண்ட் அடிச்சு அனுப்புனாங்க, அதனால அந்த முன்பகுதியில ரிவெட் தெரியாது, இறக்கையில கண்ணாடிப் பளபளப்பும் இல்ல.

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளை போட்டோ பாத்து 1941 ஹரிக்கேன் (பிரிட்டிஷ் சண்டை விமானம்) வரைஞ்சேன். போட்டோல ரவுண்டல சுத்தி கறுப்பு வளையம் இருந்துச்சு, அப்படியே கறுப்பு அடிச்சேன். தப்புன்னு ஃப்ரெண்டு சிரிக்கிறான். – மதுரை

பதில்: ஃப்ரெண்டு சொல்றது சரிதான், ஆனா சிரிச்சிருக்க வேண்டாம், நானும் அதுல விழுந்தவன்தான். அது மஞ்சள் வளையம். ஆர்த்தோக்ரோமாட்டிக்னு ஒரு ஃபிலிம் அப்போ நிறைய புழங்குச்சு, அதுக்கு சிவப்பு சுத்தமா தெரியாது, மஞ்சளும் இருண்டுதான் விழும், நீலம் மட்டும் வெளுத்துப் போயிடும். அதனால போட்டோவ கையில எடுத்ததும் முதல்ல ரவுண்டலப் பாருங்க, அதோட கலர் நமக்கு ஏற்கனவே தெரியும் இல்லையா, நடு சிவப்பு கறுப்பாவும் நீலம் வெளிரியும் இருந்தா அது ஆர்த்தோ, அப்போ மத்த கலரையும் அதுக்கு ஏத்த மாதிரிதான் படிக்கணும்.

கேள்வி: பேனா டேப்லெட் இல்லாம மவுஸ்ல முடியுமா?

பதில்: முடியும். பாத் டூல்ல வளைவ வரைஞ்சு செலக்‌ஷன் எடுத்து அதுக்குள்ள பெரிய மெது பிரஷ ஓட்டுங்க, கை நடுக்கமே தெரியாது. எக்ஸாஸ்ட் புகைக்கு மட்டும் பேனா இருந்தா சுகம்.