துணைவரின் வேலைக்கு ஏற்ற டேப்லெட்: கேள்விகளும் பதில்களும்

திருமண நாளுக்கோ பிறந்த நாளுக்கோ வாழ்க்கைத் துணைக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தர விரும்பும் பலர், எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். திருச்சியில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணினிகளையும் டேப்லெட்டுகளையும் விற்றும் பழுது பார்த்தும் வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒருவர்: ஐயா, என் மனைவி வரி ஆலோசகர். பழைய மடிக்கணினியைத் தினமும் சுமந்துகொண்டு அலைகிறார். பத்தாவது திருமண நாளுக்கு 40,000 ரூபாய்க்குள் ஒரு டேப்லெட் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். டேலியும் ஜிஎஸ்டி தாக்கலும் அதில் நடக்குமா?

முழுமையாக நடக்காது. டேலி பிரைம் விண்டோஸில் இயங்கும் கணக்கு மென்பொருள். ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலோ ஐபேடிலோ அதை நிறுவ முடியாது. பிரவுசர் வழியாக அறிக்கைகளைப் பார்க்கலாமே தவிர, உட்கார்ந்து வவுச்சர், அதாவது வரவு செலவுப் பதிவு, போட முடியாது. ஜிஎஸ்டி தளம் டேப்லெட்டில் திறக்கும்; தனிநபர் உரிமையில் நடக்கும் கடைகளுக்கு ஓடிபி வழியாகத் தாக்கல்கூடச் செய்துவிடலாம். ஆனால் கம்பெனிகளுக்கும் எல்எல்பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டு நிறுவனங்களுக்கும் தாக்கல் செய்ய டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். அது இருக்கும் யுஎஸ்பி டோக்கனுக்கான டிரைவரும் கையொப்பமிட உதவும் எம்சைனர் மென்பொருளும் கணினியில்தான் ஓடும். காலையிலிருந்து மாலை வரை டேப்லெட்டில் வேலை பார்த்துவிட்டு, கையொப்பம் இடுவதற்காகப் பழைய மடிக்கணினியைத் திறக்க வேண்டுமென்றால், அவர் சுமக்கும் சுமை ஒன்றிலிருந்து இரண்டாகிவிடும்.

ஆகவே யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: அவருடைய வேலை எந்த இடத்தில் முடிகிறது? கடைசியில் அவர் கையைவிட்டுப் போவது என்ன? கையொப்பமிட்ட படிவமா, வரைந்த படமா, குறிப்பு எழுதிய பிடிஎஃப்பா, வகுப்பில் போட்ட கணக்கா? அந்தக் கடைசிப் படியைச் செய்ய முடியாத கருவி, எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் ஒரு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும். உங்கள் மனைவிக்கு எடை குறைந்த ஒரு விண்டோஸ் மடிக்கணினியே பொருத்தம். அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால், பில்லை அவருடைய பதிவு எண்ணில் போடச் சொல்லுங்கள்; வாங்கும்போது கட்டிய 18 சதவீத வரியை அவர் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள (உள்ளீட்டு வரி வரவு) முடியுமா என்பதை அவரே சொல்லிவிடுவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: வணக்கம் ஐயா. என்னுடைய மனைவி பாடசாலையில் கணித ஆசிரியை. பின்னேரங்களில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குச் சூம் வழியாக வகுப்பு எடுக்கிறார். எழுதிக் காட்டுவதற்கு ஒரு டேப்லெட் தேவை. பேனாவைப் பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாமா?

பேனாவை முதலில் முடிவு செய்யுங்கள், டேப்லெட்டைப் பிறகு முடிவு செய்யலாம். கடையில் பேனா என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கிறார்கள். ரப்பர் நுனி வைத்த மலிவான பேனா எந்தத் திரையிலும் வேலை செய்யும். ஆனால் திரைக்கு அது ஒரு விரல்தான், உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். இரண்டாவது வகை பேட்டரியில் இயங்குவது. குறிப்பிட்ட சில மாடல்களோடு மட்டுமே பேசும். மூன்றாவது, சாம்சங்கின் எஸ் பென் போன்றது. திரைக்கு அடியில் இருக்கும் ஒரு தனி அடுக்கு அதை உணர்ந்துகொள்வதால், எழுதுவதற்குப் பேட்டரியே வேண்டாம். கேலக்ஸி டேப் எஸ்6 லைட், எஸ்9 எஃப்இ, எஸ்10 எஃப்இ ஆகியவற்றில் அந்த அடுக்கும் உண்டு, பேனாவும் பெட்டியிலேயே வரும். ஏ9, ஏ9 பிளஸ் ஆகியவற்றில் அந்த அடுக்கே இல்லை. பிறகு எஸ் பென் வாங்கினாலும் எழுதாது. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனது கஷ்டப்படும்.

கடைக்குப் போகும்போது ஓர் அடிக்கோலை எடுத்துச் செல்லுங்கள். திரையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சாய்வாக வைத்து, பேனாவை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். தரம் குறைந்த திரையில் அந்தக் கோடு படிக்கட்டுபோல அலை அலையாக விழும். பிறகு உள்ளங்கையைத் திரையில் ஊன்றி, வழக்கமான வேகத்தில் 'ழ', 'ணூ' இரண்டையும் சிறிதாக எழுதச் சொல்லுங்கள். சுழி மூடிக்கொண்டாலோ, கை பட்ட இடத்தில் கறை விழுந்தாலோ வேண்டாம். வகுப்பின்போது டேப்லெட்டை இரண்டாவது நபராகச் சூமில் சேர்த்து அதன் திரையைப் பகிர்ந்துகொண்டு, முகத்தையும் குரலையும் மடிக்கணினியிலேயே வைத்துக்கொள்வது வசதி. டேப்லெட்டின் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிரொலி கேட்கும்.

சென்னையிலிருந்து ஒருவர்: என் மனைவி சிறுவர் நூல்களுக்கு ஓவியம் வரைகிறார். ஐபேட்தான் வேண்டும் என்கிறார். ஆப்பிள் பென்சிலில் விலை குறைந்ததை வாங்கினால் போதுமா?

அவர் ஐபேட் கேட்பதற்குப் பெரும்பாலும் ப்ரோகிரியேட் என்ற வரைகலைச் செயலி காரணமாக இருக்கும். அது ஆண்ட்ராய்டில் கிடையாது. ஒரு முறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தாவும் இல்லை. பென்சில் விஷயத்தில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். 2023இல் வந்த யுஎஸ்பி-சி பென்சில் அழுத்தத்தை உணராது. மெல்ல அழுத்தினால் மெல்லிய கோடு, ஊன்றினால் தடித்த கோடு என்பதுதான் ஓவியரின் கைமொழி. அது இல்லாத பென்சிலைக் கொடுப்பது, தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு பால்பாயின்ட் பேனாவைக் கொடுப்பதற்குச் சமம். குறிப்பு எழுதுபவருக்கு அது தாராளமாகப் போதும், ஓவியருக்குப் போதாது.

2025இல் வந்த அடிப்படை ஐபேடில் அழுத்தத்தை உணரும் முதல் தலைமுறைப் பென்சில் வேலை செய்யும். ஆனால் அதன் கண்ணாடிக்கும் காட்சித் திரைக்கும் இடையே காற்று இடைவெளி இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பேனா நுனி ஓரிடத்திலும் கோடு அதற்குச் சற்றுக் கீழேயும் விழுவதுபோலத் தெரியும். கண்ணின் பாப்பாவை வரைகிற கைக்கு அந்த இடைவெளி நன்றாகவே தெரியும். ஐபேட் ஏரில் கண்ணாடியும் திரையும் ஒட்டியே இருக்கின்றன; 2024 முதல் வந்த ஏர் மாடல்களில் அழுத்தத்தை உணரும் பென்சில் ப்ரோவும் இணையும். தொகை எட்டவில்லையென்றால், அடிப்படை ஐபேடோடு திருப்திப்படுவதைவிட இன்னும் சில மாதம் சேர்த்து ஏர் வாங்குங்கள் என்றே சொல்வேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: என் கணவர் கட்டுமானப் பொறியாளர். வரைபடத் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போகிறார். வைஃபை மட்டும் உள்ளதை வாங்கி, போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால் போதாதா?

வரைபடத்தைப் பார்க்க மட்டும் என்றால் போதும் அம்மா. ஆனால் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் விரிசல் என்று இடக்குறியோடு படம் எடுக்க வேண்டியிருந்தால் யோசியுங்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் வசதி உள்ள மாடலில்தான் உண்டு. கட்டடக் கம்பிகள் நடுவே திரையை வாசிப்பது இன்னொரு சிக்கல். வீட்டுக்குள் பளிச்சென்று தெரியும் 400 நிட்ஸ் (வெளிச்சத்தின் அளவு) திரை, பங்குனி வெயிலில் கறுப்புப் பலகையாகிவிடும். கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு எடுத்து வந்து, வெயிலில் ஒரு பிடிஎஃப் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அளவு எண்கள் தெரிந்தால் வாங்கலாம்.

சூட்டையும் சொல்ல வேண்டும். ஐபேடை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஆப்பிளே சொல்கிறது. நம் ஊரில் கோடையில் அது காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். சூடேறினால் திரை மங்கும், பிறகு தானாகவே நின்று ஆறும். ஆகவே கறுப்பு உறையைத் தவிர்த்து, வெளிர் நிறத்தில் மூலைகள் தடித்த ரப்பர் உறையாக வாங்குங்கள். காரின் டாஷ்போர்டில் டேப்லெட்டை வைத்துவிட்டு இறங்கக் கூடாது என்பதை நீங்கள்தான் அவருக்கு நினைவூட்ட வேண்டும். தூசியும் மழையும் அதிகம் என்றால் சாம்சங் எஸ்9, எஸ்10 வரிசைகளில், தூசியும் தண்ணீரும் புகாத ஐபி68 தரம் உள்ள மாடல்களைப் பாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: கணவர் வழக்கறிஞர். கட்டுக் கட்டாகப் பிடிஎஃப் படிக்கிறார். கையடக்கமாக எட்டு அங்குலத்தில் வாங்கலாமா, பெரிதாக வாங்கலாமா?

சிறிதாக வாங்கும் தவற்றை என் வீட்டிலேயே நான் செய்திருக்கிறேன். என் மனைவி பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர். பையில் வைத்துக்கொள்ளட்டும் என்று எண்ணி, அவரிடம் கேட்காமலே 8.7 அங்குல டேப்லெட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதன் திரை அகலம் 800 பிக்சல். ஏ4 பக்கம் முழுவதையும் அதில் காட்டும்போது, 'ன்' மேல் இருக்கும் புள்ளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் என்றால், அதற்குக் கிடைப்பது இரண்டே பிக்சல்தான். 'அவன் வந்தான்' என்பதா 'அவன வந்தான்' என்பதா என்று தெரியாமல், ஒவ்வொரு வரிக்கும் இரண்டு விரலால் பெரிதாக்கி, பக்கத்தை இழுத்து, மறுபடி சுருக்கிக்கொண்டிருந்தார். பதினைந்து நாள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்பாகக் கொடுத்த பொருளாயிற்றே என்று பொறுத்துக்கொண்டிருக்கிறார். ஓர் இரவு மேசையில் மறுபடி தாள் கட்டும் சிவப்புப் பேனாவும் இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

கணக்கு இதுதான். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். 11 அங்குல ஐபேட் ஏரில் அந்தப் பக்கம் முக்கால் அளவில் தெரியும். அதே 11 அங்குலமாக இருந்தாலும், சினிமா பார்க்க வசதியாக நீண்டு ஒடுங்கிய திரை என்றால் பக்கம் எழுபது சதவீதமாகச் சுருங்கிவிடும். 13 அங்குலத்தில் கிட்டத்தட்ட தொண்ணூறு சதவீதம். நாள் முழுவதும் பக்கங்களைப் படித்து ஓரத்தில் குறிப்பெழுதும் வழக்கறிஞருக்கு, கண்ணாடி போடும் வயதாகிவிட்டால், 13 அங்குலமே நல்லது. நீதிமன்றத்தில் நின்றுகொண்டே புரட்டுபவர் என்றால் 11 போதும். கிண்டிலில் இருப்பதுபோன்ற மின்தாள் திரை உள்ள கருவிகள் கண்ணுக்கு இதமானவை, ஆனால் முந்நூறாம் பக்கத்துக்கும் பத்தாம் பக்கத்துக்கும் வேகமாகத் தாவுவதற்கு அவை ஒத்துழைக்காது. வக்கீல் வேலையில் பாதி அந்தத் தாவல்தான். இன்னொரு செய்தி: 10.1 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளில் வேர்டு கோப்பைத் திருத்த மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். அந்தத் தொகையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: சேமிப்பிடம் 128 ஜிபி போதுமா, 256 வேண்டுமா?

ஆவணம், குறிப்பு, கூட்டம் என்றால் 128 போதும். ஓவியம், காணொளித் தொகுப்பு என்றால் 256. ஆண்ட்ராய்டில் மெமரி கார்டு செருகும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபேடில் அது கிடையாது. ஆண்ட்ராய்டில் ரேம் 4 ஜிபி மட்டும் உள்ளதை வேலைக்கு வாங்க வேண்டாம்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: மனைவி ஐடி நிறுவனத்தில் வேலை செய்கிறார். சொல்லாமல் வாங்கி வியப்பில் ஆழ்த்த ஆசை. சரிதானா?

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் பல ஐடி நிறுவனங்கள், தங்கள் கண்காணிப்பு மென்பொருளில் பதிவு செய்யாத கருவியில் அலுவலக மின்னஞ்சலைத் திறக்கவே விடுவதில்லை. சில நிறுவனங்கள் சொந்தக் கருவியை அறவே அனுமதிப்பதில்லை. அதை அவரிடம் கேட்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை. மேலும் பல கடைகளில் பெட்டியைப் பிரித்துவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காது. பழுது இருந்தால் மாற்றித் தருவார்கள், அவ்வளவுதான். ஆகவே நாளையும் நிறத்தையும் உறையையும் ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகை என்பதை மட்டும் பேச்சுவாக்கில் கேட்டுவிடுங்கள். ஒரு நாள் அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்: எதை நோட்டில் எழுதுகிறார், எதைப் போனில் படம் எடுத்துத் தனக்கே அனுப்பிக்கொள்கிறார், எந்த இடத்தில் அலுத்துக்கொள்கிறார்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: கொடுப்பதற்கு முன் நானே எல்லாவற்றையும் அமைத்து வைத்துவிடலாமா?

உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து அமைக்காதீர்கள். அப்படிச் செய்தால் கருவி உங்கள் கணக்கோடு பூட்டிக்கொள்ளும். அவருடைய வேலைக் கோப்புகளும் உங்கள் கிளவுடில் போய்ச் சேரும். பின்னால் அதை அழித்து மறுபடி தொடங்கும்போது, குறிப்புகளை இழந்துவிட்டு என் கடைக்கு வந்தவர்கள் உண்டு. பெட்டியைப் பிரிக்காமல், பேனாவையும் உறையையும் உடன் வைத்துக் கொடுங்கள். அன்று மாலை அவர் தன் கணக்கில் நுழைந்து, தமிழ் விசைப்பலகையாகத் தமிழ்99ஐயோ தனக்குப் பழகிய வேறொன்றையோ சேர்த்துக்கொள்ளும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். முதல் அப்டேட் இறங்க நேரமாகும், ஆகவே மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுங்கள்.