தேர்தல் நாளில் ஊரில் இல்லாவிட்டால்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன. வாக்கு ஓரிடத்தில், ஆள் வேறோரிடத்தில். முடிந்தவரை நேரடியாகப் பதில் சொல்கிறேன்.

கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் வேலை செய்கிறேன். வாக்கு யாழ்ப்பாணம் கோப்பாயில். தபால் மூலம் போடலாமா?

இப்போதுள்ள சட்டப்படி முடியாது, தம்பி. தபால் மூல வாக்களிப்பு அரச ஊழியர், பொலிஸார், முப்படையினர், தேர்தல் கடமைக்குப் போவோர் போன்றவர்களுக்கு மட்டும்தான்.

ஆனால் லீவு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாக்களிப்பு நிலையம் வேலையிடத்திலிருந்து 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் 2 நாள். யாழ்ப்பாணம் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஆகவே உங்களுக்கு 2 நாள் கிடைக்க வேண்டும். சம்பளத்தில் பிடிக்கக்கூடாது, சொந்த லீவிலும் கழிக்கக்கூடாது. வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள், ஒரு பிரதியை உங்களிடம் வைத்திருங்கள். தேர்தலுக்கு முதல் நாள் இரவு பஸ்ஸில் இடம் பிடிப்பது கஷ்டம், அதையும் முன்கூட்டியே பாருங்கள்.

லீவு மட்டும் போதாது என்பதுதான் என் நிலைப்பாடு. அரச ஆஸ்பத்திரித் தாதி தபாலில் வாக்களிக்கலாம். அதே இரவு வேலை பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரித் தாதிக்கு அந்த வழி இல்லை. ஹோட்டல் ஊழியர், காவலாளி, கடைச் சிப்பந்தி எல்லோரும் இப்படித்தான் வெளியே நிற்கிறார்கள். முன்கூட்டியே வாக்களிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று தேர்தல் கண்காணிப்பு அமைப்புகள் பல காலமாகக் கேட்டு வருகின்றன. அதைச் சட்டமாக்குவது பாராளுமன்றத்தின் கையில். உங்கள் மாவட்ட எம்.பி. ஊருக்கு வரும்போது இதைக் கேட்க வேண்டும்.

மட்டக்களப்பில் படிப்பிக்கிறேன். போன தடவை என் தபால் வாக்கு விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். ஏன்?

காரணம் பெரும்பாலும் வாக்காளர் இடாப்பு (பெயர்ப் பட்டியல்) விபரமாகத்தான் இருக்கும். உங்கள் பெயர் யாழ்ப்பாணத்தில் பதிவாகியிருந்தால் விண்ணப்பமும் யாழ்ப்பாணத் தெரிவத்தாட்சி அலுவலருக்கே (மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் பொறுப்பதிகாரி) போக வேண்டும். வேலை செய்யும் மாவட்டத்துக்கு அனுப்பினால் வீண். வாக்களிப்புப் பிரிவும் தொடரிலக்கமும் இடாப்பில் உள்ளபடியே இருக்க வேண்டும், பழைய வருடத்து இலக்கத்தை நினைவிலிருந்து எழுதக்கூடாது.

வாக்களிக்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள் ரீச்சர். வாக்குச்சீட்டோடு ஒரு உறுதியுரைப் படிவமும் வரும். அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில் அதில் கையொப்பமிட வேண்டும். ஆனால் நீங்கள் யாருக்குப் புள்ளடி இடுகிறீர்கள் என்பதை அவரும் பார்க்கக்கூடாது. கையொப்பம் விடுபட்டால் சீட்டில் சரியாகப் புள்ளடி போட்டிருந்தும் அந்த வாக்கு எண்ணப்படாது. அப்புறம், தபால் வாக்கு அனுமதிக்கப்பட்டவர் தேர்தல் நாளில் வாக்களிப்பு நிலையத்துக்குப் போய் வாக்களிக்க முடியாது. குறித்த நாட்களைத் தவறவிட்டால், அதற்கென ஒதுக்கும் மேலதிக நாட்களிலாவது போட்டுவிடுங்கள்.

சாவகச்சேரியில் அம்மம்மா இருக்கிறா. கண் மங்கல், நடக்கவும் ஏலாது. வாக்குப் போட ஆசைப்படுகிறா.

கட்டாயம் கூட்டிப்போங்கள். 2011 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி, பார்வைக் குறைபாடோ வேறு உடல் இயலாமையோ உள்ளவர் தனக்கு உதவ ஒருவரை உள்ளே அழைத்துச் செல்லலாம். உதவுபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வேட்பாளரோ கட்சியின் முகவரோ வரக்கூடாது. தகுதிச் சான்றிதழ்ப் படிவத்தைக் கிராம அலுவலரிடமோ மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்திலோ வாங்கி, அரச வைத்தியரின் உறுதிப்படுத்தலையும் எடுத்துக்கொண்டு போங்கள். இதைத் தேர்தலுக்கு முதல் வாரமே முடித்துவிடுங்கள். வாகன உதவி தேவையென்றால் அதையும் மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்தில் நேரத்தோடு கேளுங்கள்.

உள்ளே போனதும் அம்மம்மா சொல்கிற இடத்தில்தான் புள்ளடி. "உங்களுக்கு விளங்காது, நான் பார்த்துப் போடுறன்" என்று பேரப்பிள்ளை முடிவெடுத்தால் அது அவவின் வாக்கு அல்ல.

தமிழ்நாட்டில் 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது கடந்தவர்களும் 40 வீதத்துக்கு மேல் இயலாமை உள்ளவர்களும் விரும்பினால் வீட்டிலிருந்தே வாக்களித்தார்கள். அலுவலர்கள் பெட்டியோடு வாசலுக்கு வந்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அதைச் செய்ய முடியும்.

வாக்கு நெடுந்தீவில், வேலை யாழ்ப்பாணம் ரவுணில். காலையில் குறிகட்டுவானிலிருந்து படகெடுத்தால் சரிவருமா?

அண்மைய தேர்தல்களில் வாக்களிப்பு காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை நடந்தது. கணக்குக்குச் சரிவரும், கடலை நம்ப முடியாது. 2024 பாராளுமன்றத் தேர்தல் நவம்பர் 14 அன்று, மாரிக் காலத்தில்தான் வந்தது. முதல் நாளே போய்விடுங்கள். நிரந்தரமாக ரவுணிலேயே குடியிருந்தால் வாக்காளர் இடாப்பின் அடுத்த மீளாய்வில் பதிவை அங்கே மாற்றுவதுதான் முறை.

வாக்காளர் அட்டை வரவில்லை.

பரவாயில்லை. இடாப்பில் பெயர் இருந்தால் போதும். தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

அண்ணா கனடாவில். அங்கே தூதரகத்தில் வாக்களிக்கலாமா? இங்கே அவரது பெயரை வைத்திருக்கலாமா?

தூதரக வாக்களிப்பு இலங்கையில் இன்னும் இல்லை. அங்கேயே குடியேறிவிட்டவர் பெயரை இங்கே வைத்திருப்பதும் சரியல்ல. இடாப்பு வழமையான வதிவிடத்தை வைத்துத் தயாரிக்கப்படுவது.

ஆனால் இங்கே இருப்பவர்களின் பெயர் விடுபடுவதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டும். மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் எத்தனை ஆசனம் என்பது பதிவான வாக்காளர் தொகையைப் பொறுத்தது. கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015 இலும் 2020 இலும் 7. 2024 இல் 6. போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் அந்த எண்களுக்குள் இருக்கின்றன, அவற்றை நாம் மாற்ற முடியாது. ஆனால் வீட்டில் 18 வயதான பிள்ளை பதியாமல் இருந்தால் அதற்கு நாம்தான் பொறுப்பு. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வருடத்தின் நடுவில் 18 நிறைவோரையும் துணை இடாப்பில் சேர்க்கிறார்கள். மீளாய்வுக் காலத்தில் நீக்கப்படும் பெயர்களும் புதிதாகச் சேரும் பெயர்களும் கிராம அலுவலர் அலுவலகத்தில் காட்சிக்கு வைக்கப்படும். தவறிருந்தால் குறித்த நாளுக்குள் எழுத்தில் உரிமை கோரலாம். ஒவ்வொரு வருடமும் போய்ப் பாருங்கள், வீட்டிலுள்ள எல்லோரின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.