செட்டிநாட்டில் வசந்தத்தைப் படம் எடுக்க அண்ணாந்து பாருங்கள்

தேர்வுக்குப் படிக்கிற இடைவெளியில் கேமராவோடு வெளியே போகலாமா, பங்குனி சித்திரையில் காரைக்குடிப் பக்கம் எடுக்க என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். எனக்கு மே மாதம் சி.ஏ. இன்டர் தேர்வு. பங்குனி முழுக்க வீட்டில் நானும் புத்தகமும்தான். ஊர் கோட்டையூர் பக்கம். முதல் நாலு நாள் சாப்பாட்டுக்கு முன்னால், பதினொன்றரை மணிக்குக் கிளம்பினேன். அது தப்பு. சித்திரை பிறக்கும் சமயத்தில் இங்கே உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் நிற்கும், நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். வறண்ட கண்மாயும் செம்மண் பொட்டலும் மேடு பள்ளமே தெரியாமல், இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வந்தன. அதனால் படிப்பையே முன்னால் தள்ளினேன். நாலரைக்கு எழுந்து படிப்பு, ஆறேகாலுக்கு இடைவெளி, ஏழுக்குத் திரும்ப மேசை.

எல்லோரும் கானாடுகாத்தான் அரண்மனை வாசலைத்தான் எடுக்கிறார்கள். அழகுதான், ஆனால் அது எந்த மாதமும் அங்கேயே இருக்கும். இந்த ஊர் வசந்தம் மரத்தில் வருகிறது. தரை வெடித்துக் கிடக்கும்போதுதான் எங்கள் ஊருணிக் கரை அரச மரம் தளிர்விட்டது, அத்தனையும் செம்பு நிறம். வெயிலுக்கு முதுகு காட்டி எடுத்தால் வெறும் இலை. மரத்தின் மறுபக்கம் போய், சூரியன் தளிருக்குப் பின்னால் வரும்படி நின்றால் நரம்பு நரம்பாக ஒளிரும். போன் என்றால் தளிர்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்கிற ஆட்டோ வொயிட் பேலன்ஸ் அந்தச் செம்பைச் சில சமயம் வெளுக்கவைத்துவிடும், அதை டேலைட்டில் (பகல் வெளிச்சம்) வையுங்கள். செம்புறாங்கல் சுவருக்கும் இதேதான்.

தளிர் சில நாளில் பச்சையாகிவிடும். அதனால் பத்து இடம் அலையாமல், ஒரே மரத்தை ஒரே இடத்தில் நின்று தினமும் எடுத்தேன். ஆனால் எடுத்ததை அன்றைக்கே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காதீர்கள். முக்கால் மணி நேர இடைவெளி மூன்று மணி நேரமாவது அங்கேதான்.

வேம்பு மட்டும் எனக்கு வசப்படவில்லை. தூரத்தில் வெள்ளைத் தூள், கிட்டே போனால் காற்றில் ஆட்டம். ஒரு நாள் மரத்தடியில் பழைய சேலையை விரித்து ஒரு அப்பத்தா பூ சேர்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, தினம் மரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிற. படிக்கலையா?"

"அரை மணி நேரந்தான் அப்பத்தா."

"அப்ப சும்மாதான் நிக்கிற. இந்த முனையைப் பிடி."

பிடித்தேன். அன்றைய இடைவெளி அதிலேயே போனது. வெளுத்துப்போன நீலச் சேலையில் பூ சிதறிக் கிடக்கிற ஒரே ஒரு படம் எடுத்தேன். அந்த மாதம் எடுத்ததில் அதுதான் இன்னும் போனில் இருக்கிறது. ஒரு கைப்பிடிப் பூவும் தந்தார், வருஷப் பிறப்புப் பச்சடிக்கு.