வாசகர் கேள்வி–பதில்: ஆற்றங்கரை ஆலைகளும் அவற்றை நம்பிய ஊர்களும்

கேள்வி: ஒரு காலத்தில் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்ட காகிதம் மரத்துக்கு மாறியது எப்படி? மர அறுவை ஆலைகளும் காகித ஆலைகளும் ஒரே ஆற்றங்கரையில் அமைந்தது ஏன்?

பதில்: இடைவிடாமல் தாள் செய்யும் இயந்திரத்துக்குப் பிரான்சில் லூயி நிக்கோலா ரோபேர் 1799-இல் காப்புரிமை பெற்றார். இயந்திரங்கள் பெருகப் பெருக, அவற்றின் பசிக்கு ஈடுகொடுக்கக் கந்தல் துணி போதவில்லை. 1844-ஐ ஒட்டி ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் கெல்லரும், இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவில் சார்லஸ் ஃபெனர்ட்டியும், ஒருவரையொருவர் அறியாமலே, மரத்தை அரைத்துக் கூழாக்கிக் காகிதம் செய்யலாம் என்று காட்டினார்கள். சுழலும் அரைகல்லின் மீது நீர் பாய்ச்சி, மரக்கட்டையை அழுத்திப் பிடித்தால் நார்கள் பிய்ந்து கூழாகும். பெரும்பகுதி நீராகவே இருக்கும் அந்தக் கூழை ஓடும் கம்பிவலையில் பரப்பி, வடித்து, அழுத்தி, உலர்த்தினால் தாள் கிடைக்கும்.

கல்லைச் சுழற்றவும், கூழைக் கரைக்கவும், காட்டிலிருந்து கட்டைகளைக் கொண்டுவரவும் ஆறு வேண்டியிருந்தது. வட அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் குளிர்காலத்தில் வெட்டிய மரங்களைப் பனிச்சறுக்கு வண்டிகளில் கரைக்கு இழுத்துவந்து அடுக்கிவைத்து, வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வந்ததும் ஆற்றில் தள்ளிவிடுவார்கள். பல நிறுவனங்களின் கட்டைகள் கலந்து மிதந்து வருமாதலால், ஒவ்வொன்றின் வெட்டுமுகத்திலும் உரிமையாளரின் முத்திரை சுத்தியலால் அடித்துப் பதிக்கப்பட்டிருக்கும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் அதைப் பார்த்தே பிரித்தெடுப்பார்கள். நடுவில் கட்டைகள் சிக்கிக்கொண்டால், ஆணி பதித்த காலணியோடு அவற்றின் மீதே நடந்து, கொக்கிக் கழியால் நெம்பி விடுவிக்க வேண்டும். பலரை ஆறு கொண்டுபோன வேலை அது. அங்குள்ள கென்னபெக் ஆற்றில் இந்த முறை 1976 வரை நீடித்தது.

தொடக்கத்தில் அறுவை ஆலைகள் தங்கள் மரத்தூளையும் புறத்துண்டுகளையும் ஆற்றில் கொட்டின, அல்லது எரித்தன. பின்னாளில் அந்தத் துண்டுகளே சில்லுகளாக வெட்டப்பட்டுக் காகித ஆலைக்கு மூலப்பொருளாயின. அதன் பிறகு ஒன்று நின்றால் மற்றதும் தள்ளாடியது.

கேள்வி: காகித ஆலை ஊர்களில் அழுகிய முட்டை நாற்றம் வீசுவது ஏன்?

பதில்: கார்ல் டால் 1879-இல் உருவாக்கிய சல்பேட் முறையில், மரச்சில்லுகளைக் காரத்தோடும் கந்தகச் சேர்மங்களோடும் வேகவைப்பார்கள். அப்போது வெளியேறும் கந்தக வாயுக்களே காரணம். ஆலை ஊர்களில் இதைப் ‘பணத்தின் வாசனை’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. கூலியை நம்பியிருந்தவர்கள் அப்படித்தான் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆற்றில் கலந்த கழிவை அப்படிப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: ஆலை மூடப்பட்டால் மக்கள் வேறு ஊருக்குப் போகலாமே? ஏன் அங்கேயே இருந்து அல்லல்படுகிறார்கள்?

பதில்: கேட்பது எளிது. மெய்னில் உள்ள மில்லினாக்கெட்டைப் பாருங்கள். காட்டின் நடுவே 1900-இல் காகித ஆலை இயங்கத் தொடங்கியது. அதைச் சுற்றி ஊர் முளைத்த வேகத்தைக் கண்டு ‘மாய நகரம்’ என்றார்கள். ஆலையைக் கட்ட இத்தாலியர்களும் பிறரும் வந்தார்கள், பலர் அங்கேயே தங்கினார்கள். பேரனும் தாத்தா வேலை பார்த்த அதே ஆலைக்குள் நுழைவதுதான் வாழ்க்கையின் இயல்பான போக்காக இருந்தது. 1970-இல் 7,000-க்கும் மேல் இருந்த மக்கள்தொகை 2010-இல் ஏறத்தாழ 4,500 ஆனது. இடையில் 2003-இல் நிறுவனம் திவாலாகி, 2008-இல் அந்த ஊரின் ஆலை நின்றது. ஆகவே, பலர் போகத்தான் செய்தார்கள்.

அதே மாநிலத்தின் ஜே என்ற ஊரின் காகித ஆலையில் 1987 ஜூனில் தொடங்கி 16 மாதங்கள் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது, ஏறத்தாழ 1,200 தொழிலாளர்களின் இடத்தில் நிரந்தரமாகவே வேறு ஆட்களை நிறுவனம் அமர்த்தியது. போராட்டத்தில் நின்றவர்களும் வேலைக்குத் திரும்பியவர்களும் ஒரே குடும்பத்திலேயே இருந்ததால், பேச்சுவார்த்தையற்றுப் போன உறவுகள் பல.

தங்கிவிட்டவர்களின் கணக்கு வேறு. ஒற்றை ஆலை ஊரில் வரியின் பெரும்பகுதியை ஆலையே கட்டிவரும். அது நின்றதும் பள்ளிக்கும் சாலைக்குமான சுமை வீட்டுக்காரர்களின் தலையில் விழுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க முனைவதால் வீட்டின் விலையும் சரிகிறது. ஆயுள் முழுக்க உழைத்துக் கட்டிய வீட்டை விற்றாலும் வேறு ஊரில் ஒரு சிறு குடியிருப்புக்கு முன்பணம்கூடத் தேறாது என்னும்போது, ஐம்பது வயதுக்காரர் எதை நம்பிப் புறப்படுவார்?