நரிக்கு ஒரு மணம், கயோட்டிக்கு ஒரு மணம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் என் மகள் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. அங்கே நரியும் கயோட்டியும் பிடிக்க வரும் முதியவர் ஒரு பெட்டி நிறையச் சிறு புட்டிகளைக் கொண்டு வருகிறார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நாறுகிறதாம். இத்தனை நாற்றம் எதற்கு? எதை எப்போது பயன்படுத்துவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?
– வாசகர், கோவை

பதில்: அந்தப் பகுதியில் நரி என்றால் செந்நரி, சாம்பல் நரி என இரண்டு உண்டு. கயோட்டி ஓநாய்க்கு நெருங்கிய உறவான நாயினம். செந்நரி பெரும்பாலும் 7 கிலோவைத் தாண்டாது. கிழக்கு மாநிலங்களின் கயோட்டி 15 கிலோவுக்கு மேலும் வளரும். இந்த எடை வேறுபாட்டைப் பார்த்து, காலைக் கவ்விப் பிடிக்கும் பொறியின் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மணத்தைத் தேர்ந்தெடுக்கவோ, அந்தப் பருவத்தில் அந்த விலங்கு எதைத் தேடி அலைகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

புட்டிகள் ஒவ்வொன்றும் விலங்கின் மூக்குக்கு ஒரு செய்தியைச் சொல்கின்றன. இறைச்சியைத் துண்டாக்கி லேசாக அழுகவிட்டுச் செய்த இரைக் கலவை, 'யாரோ தின்று மிஞ்சியதை இங்கே புதைத்து வைத்திருக்கிறார்கள்' என்கிறது. சுரப்பிகளையும் சிறுநீரையும் கொண்டு செய்த கூட்டு, 'உன் எல்லைக்குள் இன்னொருவன் வந்து போயிருக்கிறான்' என்கிறது. பீவர் என்னும் நீர்நிலைக் கொறிணியின் வால்பக்கத்துப் பைகளிலிருந்து எடுக்கும் சுரப்பில் உணவின் மணமும் இல்லை, எதிரியின் மணமும் இல்லை. 'இது என்னவாக இருக்கும்?' என்று கிட்டே வந்து முகரத் தூண்டுவதே அதன் வேலை. ஸ்கங்க் என்னும் விலங்கு பகைவர்மீது பீய்ச்சும் நீரைச் சேர்த்த கூட்டு தொலைவிலிருந்து அழைப்பதற்கானது. கடுங்குளிரில் மற்ற மணங்கள் அடங்கிவிடும்போதும் அது காற்றோடு வெகுதூரம் போகும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில், அந்த ஆண்டு பிறந்த குட்டிகள் பெற்றோரை விட்டுப் பிரிந்து புது இடம் தேடி அலைகின்றன. பசியும் அனுபவமின்மையும் ஒருங்கே கொண்ட அவற்றுக்கு இரைக் கலவையும் ஆர்வமூட்டும் மணமும் போதும். ஜனவரி, பிப்ரவரி இணைசேரும் காலம் என்பதால், அப்போது சுரப்பிக் கூட்டும் சிறுநீரும் முன்னுக்கு வருகின்றன. சாம்பல் நரி பழம் தின்னும் பழக்கமுடையது. ஆகவே அதற்கு இனிப்பான மணத்தை வைப்பவர்களும் உண்டு. செந்நரிக்கென்று வைத்த இடத்தில் கயோட்டியின் சிறுநீரை ஊற்றுவதை அனுபவசாலிகள் தவிர்ப்பார்கள், ஏனெனில் கயோட்டி நரியைக் கொல்லக்கூடியது. நரியின் சிறுநீரோ இரண்டையுமே வரவழைக்கும்.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் புட்டியையே நம்பி அதைத் தாராளமாகக் கவிழ்த்துவிடுகிறார்கள். பட்டாணி அளவு போதும். அளவு மிஞ்சினால் கயோட்டி சில அடி தள்ளியே நின்று முகர்ந்துவிட்டுப் போய்விடும். விலங்கு நடக்காத இடத்தில் எந்த மணமும் பயன் தராது என்பதால், வயல் மூலை, வண்டித் தடங்கள் கூடுமிடம், வேலியிலுள்ள இடைவெளி ஆகியவற்றில் கால்தடமும் எச்சமும் தேடி நடக்கும் உழைப்பே முதலில் தேவை. அந்த உழைப்பு இல்லாதவர் புட்டிக்குக் கொடுக்கும் காசு வீண் என்பது என் கருத்து.

கேள்வி: மண்ணில் குழி தோண்டி, அதன் முன்னே பொறியைப் புதைப்பதாகப் படித்தேன். இரண்டு விலங்குக்கும் ஒரே குழிதானா?
– வாசகர், ஈரோடு

பதில்: நரியும் கயோட்டியும் மிஞ்சிய இரையைப் புதைத்து வைக்கும் பழக்கமுடையவை, மற்றொன்று புதைத்ததைத் திருடவும் தயங்காதவை. மண்குழி அமைப்பு அந்தத் திருட்டு ஆசையை நம்பியே செய்யப்படுகிறது. ஒரு புல்தூற்றையோ சிறு மேட்டையோ பின்னணியாக வைத்து, கை நுழையும் அகலத்தில், ஒரு சாண் ஆழத்துக்குச் சாய்வாகக் குழி தோண்டி, அடியில் இரைக் கலவையை இடுவார்கள். பின்னணி இருப்பதால் விலங்கு பின்பக்கமாக வராமல் குழியின் வாய்க்கு முன்னால்தான் நிற்கும். நரிக்குப் பொறியின் மிதிதட்டு (கால் பட்டதும் பொறியை மூடவைக்கும் தட்டு) குழிவாயிலிருந்து சுமார் 15 முதல் 20 செ.மீ. தள்ளியும், உடல் நீண்ட கயோட்டிக்கு இன்னும் சற்றுத் தள்ளியும், நடுக்கோட்டிலிருந்து ஓரிரு அங்குலம் விலகியும் இருக்கும், ஏனெனில் முன்னங்கால் ஊன்றுவது மார்புக்கு நேர் கீழே அல்ல. காற்று குழியிலிருந்து பொறியின் மேலாக வீச வேண்டும். எதிர்க்காற்றில் மோப்பம் பிடித்து வரும் விலங்கு அப்போதுதான் சரியான இடத்தில் வந்து நிற்கும்.

பொறியைப் படுக்கவைப்பது தனிக் கலை. மிதிக்கும்போது பொறி துளி அசைந்தாலும் கயோட்டி காலைப் பின்னிழுத்துக்கொண்டு, பிறகு ஓரத்திலிருந்து தோண்டிப் பொறியை வெளியே எடுத்துவிடும். பொறியில் மணக்கூட்டு ஒட்டியிருந்தாலும் குழியை விட்டுப் பொறியையே தோண்டும். அதனால்தான் பொறிகளைச் சாயமரச் சாற்றில் வேகவைத்து மெழுகில் முக்கி எடுத்து, புட்டிகளிலிருந்து விலக்கி வைக்கிறார்கள். மணக்கூட்டைத் தொட்ட கையுறையால் பொறியைத் தொடுவதில்லை.

ஒருமுறை தப்பிய கயோட்டி, தோண்டிய குழியைக் கண்டாலே விலகும். அதற்குத் தட்டை அமைப்பு: குழி கிடையாது, ஒரு பழைய எலும்பு அல்லது காய்ந்த சாணி வறட்டி, அதனடியில் சொட்டு மணக்கூட்டு, முன்னே புதைத்த பொறி, அவ்வளவுதான். நம் கதைகளில் தந்திரக்காரப் பட்டம் நரிக்கு. அமெரிக்கப் பூர்வகுடிகள் பலரின் கதைகளில் அது கயோட்டிக்கு. பொறி வைப்பவர்களைக் கேட்டால் இரண்டாவது கட்சியில்தான் சேருவார்கள்.

கேள்வி: மண் உறைந்து கல்லாகும் குளிரில் புதைத்த பொறி எப்படி இயங்கும்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஈரமண்ணை அப்படியே போட்டால் இயங்காது. கோடையிலேயே உலர்ந்த மண்ணைச் சலித்துச் சேமிப்பார்கள். சிலர் மண்ணை மெழுகோடு சூடாக்கிக் கலந்து, நீர் ஒட்டாததாக்கி வைப்பார்கள். மணக்கூட்டு உறையாதிருக்கக் கிளிசரின் சேர்ப்பது வழக்கம்.

கேள்வி: காலைக் கவ்வும் இரும்புப் பொறி கொடுமை அல்லவா? அரசுகள் இதை அனுமதிக்கின்றனவா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: இடத்துக்கு இடம் சட்டம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 1991-இல் இயற்றிய சட்டத்தால் 1995 முதல் கால்பொறிக்குத் தடை வந்தது. அமெரிக்காவில் கொலராடோவிலும் மாசசூசெட்ஸிலும் 1996-இலும், கலிபோர்னியாவில் 1998-இலும் வாக்காளர்களே வாக்களித்து இதைப் பெரிதும் கட்டுப்படுத்தினார்கள். ரோமத்துக்காகப் பொறி வைப்பதையே கலிபோர்னியா 2019-இல் தடை செய்தது. அனுமதிக்கும் மாநிலங்களிலும் விதிகள் உண்டு: பென்சில்வேனியாவில் 36 மணி நேரத்துக்குள் ஒருமுறை பொறியைப் பார்த்தாக வேண்டும், பல மாநிலங்களில் 24 மணி நேரம். முழுதும் மூடாத தாடை, ரப்பர் பதித்த தாடை, சங்கிலியில் சுழலும் இணைப்பு ஆகியவை காயத்தைக் குறைக்கின்றன. துன்பத்தை அவை அகற்றுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: குளிர்காலம் முழுதும் கயோட்டிகளைப் பிடித்தும், வசந்தத்தில் ஆட்டுக்குட்டிகள் சாவது நிற்கவில்லை என்கிறார்களே, ஏன்?
– வாசகர், சென்னை

பதில்: பிடிபட்டவை வேறு, கொல்பவை வேறு என்பதே பெரும்பாலும் காரணம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாப்லாண்ட் ஆய்வுப் பண்ணையில் கழுத்துப் பட்டையில் வானொலிக் கருவி பொருத்திக் கயோட்டிகளைப் பின்தொடர்ந்தபோது, ஆடுகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்த எல்லையை ஆளும் இனப்பெருக்க இணைகளே எனத் தெரிந்தது. இளைய கயோட்டிகள் எளிதில் பொறியில் விழுந்தன, மூத்தவை விழவில்லை. கயோட்டி தன் பழகிய எல்லைக்குள் புதிய பொருளைக் கண்டால் அதிகம் சந்தேகிக்கும் என்றும், அந்நிய இடத்தில்தான் அதை நெருங்கி ஆராயும் என்றும் வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே இலையுதிர் காலத்தில் இரைக் கலவைக்கு வந்து விழுவது ஊர்சுற்றும் இளசு. ஏப்ரலில் குட்டிக்கு உணவு தேடி ஆட்டைக் கடிப்பது உள்ளூர்த் தம்பதி. கொல்லும் இணையைத்தான் பிடிக்க வேண்டுமென்றால், ஆடு செத்த இடத்துக்கு அருகே, அவை சிறுநீரால் எல்லை குறிக்கும் இடத்தில், அந்நியக் கயோட்டியின் சிறுநீரை வைத்துத் தட்டை அமைப்பில் முயல்வதே பொருத்தம். காவல் நாய்களும் மின்வேலியும் இல்லாமல் பொறியை மட்டும் நம்பும் பண்ணையாருக்கு ஆண்டுதோறும் இதே வேலைதான்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் வெள்ளாட்டுக் குட்டிகளை நரி தூக்குகிறது. மேற்சொன்ன முறையை இங்கே செய்து பார்க்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குப் பொறி வைத்துப் பிடிப்பதும் அடங்கும். நம் நரி இனங்கள் அதன் பாதுகாப்பில் உள்ளன. உங்கள் மாவட்டத்து வாழப்பாடிப் பகுதியில் பொங்கலை ஒட்டி வங்காநரியை வலையில் பிடித்து ஓடவிடும் வழக்கத்துக்கே வனத்துறை அபராதம் விதித்திருக்கிறது. இரவில் குட்டிகளைப் பட்டியில் அடைத்து, நரி நுழையும் வேலியிடுக்கை அடைத்து, பட்டியோரம் ஒரு நாயைக் கட்டுங்கள். அதன் பிறகும் இழப்பு தொடர்ந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து வடிவில் மனுக் கொடுங்கள்.