"இணைவைப்பீர்கள் என்று அஞ்சவில்லை" என்ற ஹதீஸும் தவ்ஸ் கோத்திரத்து ஹதீஸும் முரண்படுகின்றனவா?

முரண்படவில்லை. இரண்டு ஹதீஸ்களும் (நபிமொழிகளும்) வேறு வேறு மனிதர்களை, வேறு வேறு காலத்தைப் பற்றியவை.

"எனக்குப் பின் நீங்கள் (அல்லாஹ்வுக்கு) இணைவைப்பீர்கள் என்று நான் அஞ்சவில்லை" என்பது உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிப்பது. "தவ்ஸ் (ஓர் அரபுக் கோத்திரம்) பெண்கள் துல் கலஸா சிலையைச் சுற்றி வராத வரை கியாமத் (உலக முடிவு) நாள் வராது" என்பது அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது. இரண்டுமே புகாரி, முஸ்லிம் என்ற நம்பகமான ஹதீஸ் தொகுப்புகளில் இருப்பதால், ஒன்றைப் பலவீனமானது என்று ஒதுக்கிவிட முடியாது.

எங்கள் பரங்கிப்பேட்டையில் கல்யாண வீட்டுச் சஹனில் (சேர்ந்து உண்ணும் பெரிய தட்டில்) உட்கார்ந்தால்கூட இந்தப் பேச்சு வந்துவிடும். தர்காவுக்குப் போகிற மாமா, "ரசூலுல்லாவே அஞ்சலன்னு சொல்லிட்டாங்க, எங்களை முஷ்ரிக்னு (இணைவைப்பவர்னு) சொல்ல நீ யாரு?" என்பார். அதே தட்டில் கை வைத்திருக்கும் மருமகன், இடது கையால் போனை எடுத்து தவ்ஸ் ஹதீஸைக் காட்டுவார். இருவரிடமும் இருப்பது முன்னும் பின்னும் வெட்டிய ஒற்றை வரிதான். வம்பே அங்கேதான் தொடங்குகிறது.

முதல் ஹதீஸை முழுதாகப் படியுங்கள். உஹதுப் போர் ஹிஜ்ரி 3ல் நடந்தது. எட்டு ஆண்டு கழித்து நபி (ஸல்) அவர்கள் அதில் உயிர் நீத்த ஷஹீதுகளுக்காகத் தொழுதுவிட்டு, உயிரோடு இருப்பவர்களிடமும் இறந்தவர்களிடமும் விடைபெறுவதுபோல மிம்பரில் (சொற்பொழிவு மேடையில்) ஏறிப் பேசுகிறார்கள். உங்களுக்கு முன்னால் போகிறேன், ஹவ்ளில் (மறுமையின் நீர்த்தடாகத்தில்) சந்திப்போம் என்கிறார்கள். அப்புறம்தான் இந்த வாசகம் வருகிறது. அதுவும் அதோடு நிற்கவில்லை: "இந்த உலகத்துக்காக ஒருவரோடு ஒருவர் போட்டி போடுவீர்கள் என்றே அஞ்சுகிறேன்." நபியவர்களைத் தாம் கடைசியாகப் பார்த்தது அன்றுதான் என்கிறார் உக்பா.

எதிரே இருந்தவர்கள் சஹாபாக்கள் (நபித்தோழர்கள்). பின்னால் வரும் உம்மத்தையும் (முஸ்லிம் சமுதாயத்தையும்) சேர்த்துக்கொண்டாலும், ஒட்டுமொத்தமாக இணைவைப்புக்குப் போய்விட மாட்டார்கள் என்பதே பொருள் என்று இமாம் இப்னு ஹஜர் புகாரியின் விரிவுரையான ஃபத்ஹுல் பாரியில் விளக்குகிறார். சிலரிடம் அது நிகழ்ந்துவிட்டதே என்று காரணமும் சொல்கிறார். முஸ்லிம் தொகுப்புக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவியும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்.

தவ்ஸ் ஹதீஸ் இறுதிக் காலத்தைப் பற்றியது. துல் கலஸாவை இடிக்க ஜரீர் (ரலி) அவர்களை 150 குதிரை வீரர்களோடு அனுப்பியவர்களே நபியவர்கள்தான். அதே பெயரில் ஒரு வழிபாடு ஒருநாள் திரும்பி வரும் என்று முன்னறிவித்ததும் அவர்கள்தான். இதை நமக்கு அறிவிக்கும் அபூஹுரைரா தாமே தவ்ஸ் கோத்திரத்துக்காரர். சொந்தக் குலத்தைப் பற்றிய செய்தியை மறைக்காமல் சொன்ன அந்த அமானிதத்தை (நம்பகத்தன்மையை) நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

நீங்கள் கேட்டதற்கு நெருக்கமான கேள்வியை நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். இஸ்லாத்துக்கு முன் அரபிகள் வணங்கிய லாத்தும் உஸ்ஸாவும் மீண்டும் வணங்கப்படும் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டதும், "இந்த மார்க்கம் எல்லாவற்றையும் மிகைக்கும் என்ற வசனம் இறங்கியபோது, அது முழுமையாகிவிட்டது என்றல்லவா நினைத்தேன்" என்றார்கள். அல்லாஹ் நாடிய காலம் வரை அப்படி இருக்கும். பிறகு அவன் அனுப்பும் இதமான காற்றில், கடுகளவு ஈமான் (இறைநம்பிக்கை) உள்ளவர்களின் உயிரும் கைப்பற்றப்படும். நன்மை ஏதுமில்லாதவர்கள் எஞ்சி, மூதாதையர் மார்க்கத்துக்குத் திரும்புவார்கள் என்று பதில் வந்தது. முஸ்லிம் தொகுப்பில் உள்ள இந்த ஹதீஸ் போதும், காலக் கணக்கு தெளிவாகிவிடும்.

எனக்கு வருத்தம் வேறு. நபியவர்கள் எதற்கு அஞ்சினார்களோ அந்தப் பாதியை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. எங்கள் ஊரில் சிலைக்கு முன்னால் நிற்கும் முஸ்லிமை நான் பார்த்ததில்லை. வாப்பா கட்டிய வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, முற்றத்துக் கிணற்றையும் இரண்டாக்கிய அண்ணன் தம்பியைப் பார்த்திருக்கிறேன்.

தர்காவில் ஒருவர் செய்வது சரியா என்று தாராளமாகப் பேசலாம். அந்தச் செயலையும் அதற்கான ஆதாரத்தையும் வைத்துப் பேசுங்கள். முதல் ஹதீஸ் தனி மனிதர் யாருக்கும் தரப்பட்ட உத்தரவாதம் இல்லை. இரண்டாவது ஹதீஸ் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மீதான தீர்ப்பும் இல்லை. ஹுனைன் போருக்குப் போகும் வழியில் புதிதாக இஸ்லாத்துக்கு வந்த சிலர், இணைவைப்போர் ஆயுதம் தொங்கவிடும் மரத்தைப் போலத் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். மூஸாவிடம் அவர் சமூகத்தார் சிலை கேட்டது போலல்லவா கேட்கிறீர்கள் என்று நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஆனால் அவர்களை இஸ்லாத்தை விட்டு வெளியேறியவர்கள் என்று சொல்லவில்லை.